‘எதுவானாலும் பரவாயில்லை’ என்று சொன்னவர்களுக்கு வந்த பில்

1990-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். பொதுத் தொலைபேசி ஒன்றில் ஒருவர் ரிசீவரை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 0 மட்டும் அழுத்துகிறார். லைனில் வந்த ஆபரேட்டரிடம், வெளியூருக்கு ஒரு கால் போட வேண்டும் என்கிறார். அந்த ஆபரேட்டர் உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்தின் ஊழியர். மண்டலம் தாண்டும் அழைப்பை அவருடைய நிறுவனம் கொண்டுசெல்லக் கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே அவர் கேட்பார்: “எந்தக் கம்பெனி வழியாகப் போட வேண்டும்?”

ஊருக்குச் செய்தி சொல்லும் அவசரத்தில் இருப்பவருக்கு இந்தக் கேள்வியே புரியாது. “தெரியலைங்க” என்பார். “எதுவானாலும் பரவாயில்லை” என்பார். “யாரா இருந்தா என்ன, போட்டுக் கொடுங்க” என்பார். ஆபரேட்டரும் இணைத்துவிடுவார். ஏனென்றால் ‘ஐ டோன்ட் நோ’, ‘ஐ டோன்ட் கேர்’, ‘இட் டஸன்ட் மேட்டர்’, ‘ஹூஎவர்’ என்று மக்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்களையே பெயர்களாகப் பதிவு செய்து வைத்திருந்தது கேடிஎன்டி கம்யூனிகேஷன்ஸ் என்ற டெக்சஸ் நிறுவனம். அழைப்பு அதற்குப் போய்விடும். கட்டணமோ பெரிய நிறுவனங்களைவிடக் கூடுதல்.

ஆபரேட்டர் ஏமாற்றவில்லை. வாடிக்கையாளர் ஒரு பெயரைச் சொன்னார், அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் பட்டியலில் இருந்தது, இணைத்தார். நிறுவனமும் பெயரை ஒளித்துவைக்கவில்லை. அரசுப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்துத்தான் தொழில் செய்தது. எந்தத் தாளை எடுத்துப் பார்த்தாலும் குற்றம் தெரியாது. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் கேட்பது உதவி. அந்தச் சொல்லை ஒப்பந்தமாக மாற்றிக்கொள்வது மோசடிதான் என்பேன். இந்தச் செய்தி வெளியானபோது பலர் வேடிக்கையாகப் படித்தார்கள். எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் இந்தப் பெயர் வித்தை எங்கிருந்து முளைத்தது என்பது விளங்கும்.

ஒரே கம்பெனி போய் நூறு கம்பெனி வந்தபோது

1984 ஜனவரி 1 வரை அமெரிக்கர்களுக்குத் தொலைபேசி என்றால் பெரும்பாலும் ஏடி அண்ட் டி. வீட்டில் இருக்கும் கருவி, தெருவில் ஓடும் கம்பி, வெளியூர் இணைப்பு, மூலைக்கடை வாசலில் நிற்கும் காசு போன் என எல்லாமே அநேகமாக அந்த ஒரே குடும்பத்தின் சொத்து. அரசு தொடுத்த ஏகபோக வழக்கு 1982-ல் உடன்பாட்டுக்கு வந்தது. நீதிபதி ஹெரால்ட் கிரீன் மேற்பார்வையில் 1984 முதல் நாளில் அந்தக் குடும்பம் பிரிந்தது. உள்ளூர்ச் சேவை ஏழு வட்டார நிறுவனங்களுக்குப் போயிற்று. வெளியூர்ச் சேவை ஏடி அண்ட் டியிடம் தங்கியது. அதற்கு எம்சிஐ, ஸ்பிரிண்ட் போன்றவை போட்டியாக வந்தன. அதே 1984-ல் தனியாரும் காசு போன் வைத்து நடத்தலாம் என்று மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதித்தது.

வீட்டுத் தொலைபேசிக்கு இதனால் நல்லதுதான் நடந்தது. எந்த வெளியூர் நிறுவனம் வேண்டும் என்று வீட்டுக்காரரே தேர்ந்தெடுத்தார். பிடிக்காவிட்டால் மாற்றினார். விலை இறங்கியது. பொதுத் தொலைபேசியில் தேர்ந்தெடுப்பது யார்? பேசுகிறவர் அங்கே ஐந்து நிமிடம் நிற்கிறவர். அவரை யாரும் கேட்கவில்லை. போன் நிற்கும் இடத்தின் சொந்தக்காரர்தான் தேர்ந்தெடுத்தார்: ஹோட்டல் முதலாளி, பெட்ரோல் பங்க்காரர், மருத்துவமனை நிர்வாகம், விமான நிலைய நிர்வாகம். அந்த உள்ளூர் நிறுவனங்கள் வைத்திருந்த போன்களுக்கும் இடத்துக்காரரே வெளியூர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 1988-ல் நீதிபதி கிரீன் தீர்ப்பளித்தார். ஏடி அண்ட் டியின் பிடியைத் தளர்த்தத்தான் அப்படிச் செய்தார். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பேசுகிறவர் ஒருவர், கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறவர் இன்னொருவர், பணம் கட்டுகிறவர் மூன்றாமவர் என்ற நிலை அதனால் நாடு முழுவதும் உறுதியாயிற்று.

இப்படி மூவர் ஆனதும் போட்டி தலைகீழாகத் திரும்பியது. நிறுவனங்கள் பேசுகிறவருக்காகப் போட்டி போட வேண்டிய தேவையே இல்லை. இடத்துக்காரரைப் பிடித்தால் போதும். அவருக்கு வேண்டியது குறைந்த கட்டணம் அல்ல, அதிகக் கமிஷன். அதிகக் கமிஷன் கொடுக்க வேண்டுமென்றால் அதிகக் கட்டணம் வாங்கியாக வேண்டும். ஆகவே யார் அதிகம் வாங்குகிறாரோ அவருக்கே இடம் கிடைத்தது. மாற்று ஆபரேட்டர் நிறுவனங்கள் என்று ஒரு தொழிலே கிளம்பியது. அவற்றில் பலவற்றுக்குச் சொந்தக் கம்பிகூடக் கிடையாது. மற்றவர்களின் கம்பியை வாடகைக்கு எடுத்து, ஓர் அறையில் ஆபரேட்டர்களை உட்காரவைத்து நடத்தினார்கள்.

ரிசீவருக்குள் நடந்தது

காசு போட்டுப் பேசும் அழைப்பில் இவ்வளவு விளையாட முடியாது. எவ்வளவு போட வேண்டும் என்று முதலிலேயே குரல் வந்து சொல்லும். இல்லையென்றால் பேச முடியாது. விளையாட்டு நடந்தது பிறகு பணம் கட்டும் அழைப்புகளில். ஒன்று, கலெக்ட் கால்: எடுப்பவர் சம்மதித்தால் அவர் தலையில் விழும். இன்னொன்று, தொலைபேசி அட்டை: வீட்டு எண்ணின் பத்து இலக்கமும் இரகசிய எண்ணின் நான்கு இலக்கமும் சேர்ந்த 14 இலக்கத்தை அழுத்தினால் செலவு வீட்டு பில்லில் ஏறும்.

அட்டை வைத்திருப்பவர் 0 அழுத்தி, வேண்டிய எண்ணையும் அழுத்துவார். ‘போங்’ என்று ஒரு மணியோசை வரும். பழக்கமான ஓசை, ஏடி அண்ட் டி காலத்திலிருந்தே கேட்டது. 14 இலக்கத்தையும் அழுத்துவார். நன்றி என்று ஒரு குரல் சொல்லும். எந்த நிறுவனம், நிமிடத்துக்கு எவ்வளவு என்று ஒரு சொல்லும் வராது. கையில் இருப்பது பழைய அட்டை, காதில் விழுவது பழைய மணி. பேசுகிறவர் பழைய கட்டணத்தில் பேசுவதாகவே நினைத்துக்கொண்டு பேசுவார்.

விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. எண்ணுக்கு முன்னால் 10288 அழுத்தினால் எந்தப் போனிலிருந்தும் ஏடி அண்ட் டிக்குப் போய்விடலாம். விசைப்பலகையில் 2, 8, 8 என்பது ஏ, டி, டி எழுத்துகள். எம்சிஐக்கு 10222, ஸ்பிரிண்டுக்கு 10333. ஆனால் பல தனியார் போன்களும் ஹோட்டல் போன்களும் இந்த எண்களை அடைத்து வைத்திருந்தன. 1, 0 என்று அழுத்தத் தொடங்கினாலே லைன் அறுந்துவிடும், அல்லது வேறு ஓசை வரும். போன் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, பேசுகிறவர் போன் வைத்தவர்கள் விரும்பிய வழியிலேயே போட்டுவிடுவார்.

அடைத்தவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. 10288 போட்டுப் பேசினால் போன் வைத்தவருக்குச் சல்லிக்காசு கிடைக்காது. அவருடைய கருவி, அவருடைய இடம், மாதாமாதம் அவர் கட்டும் லைன் வாடகை. வருமானம் மட்டும் ஏடி அண்ட் டிக்கு. இந்தக் கணக்கைச் சரிசெய்யாமல் அடைப்பை மட்டும் தடை செய்தால் அவர் வேறு வழி தேடத்தான் செய்வார்.

மற்ற வித்தைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, மணி அடித்ததற்கே பில். எதிர்முனையில் யாராவது எடுத்தார்களா என்பதைச் சொல்லும் சைகை எல்லா லைன்களிலும் எல்லா நிறுவனங்களுக்கும் கிடைக்கவில்லை. ஆகவே குறிப்பிட்ட நொடிகளுக்கு மேல் மணி அடித்தால் ‘பேசினார்கள்’ என்று கணினி எழுதிக்கொள்ளும். வீட்டில் ஆள் இல்லை, பத்து முறை மணி அடித்தது, வைத்துவிட்டார். அதுவும் பில்லில் ஒரு நிமிடமாக நிற்கும்.

இரண்டாவது இன்னும் விசித்திரமானது. வழக்கத்தில் இதைத் ‘தெறிப்பு’ என்ற பொருள் தரும் சொல்லால் அழைத்தார்கள். சிகாகோவிலிருந்து ஒருவர் பக்கத்து மாநிலத்துக்குப் பேச வேண்டும். மாற்று நிறுவனத்தின் ஆபரேட்டர் அறை டல்லஸில். “எனக்கு ஏடி அண்ட் டிதான் வேண்டும்” என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ஆபரேட்டர் சரி என்று டல்லஸிலிருந்தே மாற்றிக் கொடுப்பார். இப்போது ஏடி அண்ட் டிக்கு அழைப்பு டல்லஸில் புறப்பட்டதாகத் தெரியும். பக்கத்து மாநிலப் பேச்சுக்கு டல்லஸ் தூரத்துக் கட்டணம். பில்லைப் பார்ப்பவர், நான் அன்றைக்கு டல்லஸுக்கே போகவில்லையே என்று தலையைச் சொறிவார்.

இவை போதாதென்று, இடத்துக்காரருக்கென்று ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்ற கூடுதல் தொகையையும் கட்டணத்தோடு கலந்து வாங்கினார்கள்.

பில் வந்த உறை

இத்தனையையும் தாங்கி நின்றது ஒரு காகித உறை. அதுதான் இந்த விவகாரத்தின் நடுநாயகம் என்பது என் கருத்து. பலரும் அதைக் கவனிக்காமல் பெயர் வித்தையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பெயர் தெரியாத ஒரு நிறுவனம் நேரடியாக வீட்டுக்குப் பில் அனுப்பினால் யார் கட்டுவார்கள்? கிழித்துப் போட்டுவிடுவார்கள். மாற்று நிறுவனங்கள் நேரடியாக அனுப்பவில்லை. அழைப்புப் பதிவுகளை மொத்தமாக இடைத்தரகர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் பல நிறுவனங்களின் பதிவுகளைச் சேர்த்து உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். உள்ளூர் நிறுவனம் அதைத் தன் மாத பில்லிலேயே ஒரு பக்கமாகச் சேர்த்து, தன் முத்திரை போட்ட உறையில் அனுப்பியது. வசூலித்துக் கொடுத்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டது.

அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மேலே கேள்விப்படாத ஒரு பெயர். பல சமயம் அது தரகரின் பெயர், அழைப்பைக் கொண்டுசென்றவரின் பெயர்கூட இல்லை. கீழே ஒரு தேதி, ஓர் ஊர், ஓர் எண், நிமிடங்கள், தொகை. பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். கலெக்ட் கால் என்றால் பில் வந்தவர் அந்தப் போனைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உள்ளூர் நிறுவனத்தைக் கேட்டால், அது எங்கள் கட்டணம் இல்லை, அவர்களைக் கேளுங்கள் என்பார்கள். தரகரைக் கேட்டால், நாங்கள் பில் மட்டும்தான் போடுகிறோம் என்பார்கள். கட்டாவிட்டால் வீட்டுப் போனையே வெட்டிவிடுவார்களோ என்ற பயம் வேறு. சில டாலருக்காக யார் இத்தனை பேரோடு மல்லுக்கட்டுவார்கள்? கட்டிவிடுவார்கள். அந்தச் சில டாலர்தான் தொழிலின் மூலதனம்.

யார் கட்டினார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். கம்பெனி அதிகாரி விமான நிலையத்தில் பேசினால் அவர் அலுவலகம் கட்டும். மருத்துவமனை வராண்டாவில் நின்று, அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது என்று அண்ணனுக்குக் கலெக்ட் கால் போட்டவர், நடுவழியில் வண்டி நின்றுபோனவர், விடுதியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்ட கல்லூரி மாணவர், இவர்களுக்கெல்லாம் யார் கட்டுவார்கள்? அந்த அண்ணனும் அம்மாவும்தான். போனை எடுக்க மாட்டேன் என்று அவர்கள் சொல்லப்போவதில்லை என்பது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டம் வந்தது, பாதிதான் வேலை செய்தது

புகார்கள் குவிந்தன. ஒரு நுகர்வோர் அமைப்பு ஐந்து மாற்று நிறுவனங்கள் மீது எஃப்சிசியில் முறையிட, 1989-ல் உத்தரவு வந்தது: அடைப்பை நீக்குங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு, 1990 அக்டோபரில், நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. கட்டணம் ஓடத் தொடங்கும் முன் நிறுவனத்தின் பெயர் காதில் விழ வேண்டும். பெயர் பிடிக்காமல் வைத்துவிட்டால் காசு கிடையாது. கேட்டால் கட்டணத்தைச் சொல்ல வேண்டும். எடுக்காத அழைப்புக்குத் தெரிந்தே பில் போடக் கூடாது. தெறிப்பு கூடாது. போன் மேலேயோ பக்கத்திலேயோ நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இலவச எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். அடைத்து வைக்கும் இடத்துக்காரருக்குக் கமிஷன் தரக் கூடாது.

நல்ல சட்டம். ஒவ்வொரு விதியும் ஒரு குறிப்பிட்ட வித்தைக்கு எதிராக எழுதப்பட்டது என்பது படித்தாலே தெரியும். ஆனால் அது விலையைத் தொடவில்லை. கேட்டால் சொல்ல வேண்டும் என்றது. அவசரத்தில் இருப்பவர் கேட்பதில்லை. பெயர் சொல்ல வேண்டும் என்றது. கேள்விப்படாத பெயரைக் கேட்டு என்ன செய்வது? கேடிஎன்டி கதை இந்தச் சட்டம் வந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் நடந்தது. சட்டம் பெயரைக் கேட்டது, அந்த நிறுவனம் பெயரையே ஆயுதமாக்கிக்கொண்டது.

போன் வைத்தவரின் கணக்கைச் சரிசெய்ய 1992-ல் ஒரு போனுக்கு மாதம் 6 டாலர் என்று எஃப்சிசி முடிவு செய்தது. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று மாறி, 1997-ல் 28.4 செண்ட், நீதிமன்றம் வரை போய் வந்த பின் 1999-ல் 24 செண்ட் என்று ஆனது.

உண்மையான தீர்வு ஒன்று மேசைமேல் இருந்தது. பணம் கட்டுபவர் யாரோ அவர் வீட்டுக்குத் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கே, எந்தப் போனிலிருந்து போட்டாலும் அழைப்பு தானாகப் போகட்டும் என்ற திட்டம். அது வந்திருந்தால் தேர்ந்தெடுப்பவரும் கட்டுபவரும் ஒருவராகியிருப்பார்கள்; கமிஷன் போட்டி அன்றோடு செத்திருக்கும். 1992 முதல் அதை எஃப்சிசி அலசியது. செலவு அதிகம் என்று 1998 ஜனவரியில் கைவிட்டது. பதிலாக, இணைக்கும் முன், கட்டணம் தெரிந்துகொள்ள இப்படிச் செய்யுங்கள் என்று ஆபரேட்டர் நிறுவனம் தானாகவே சொல்ல வேண்டும் என்று விதித்தது. ஆறு ஆண்டு யோசித்து இதைத்தானா கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. மத்தியச் சட்டம் 1990-லேயே ‘சொல்’ என்றது. 1998-ல் எஃப்சிசி ‘இன்னும் தெளிவாகச் சொல்’ என்றது.

பெரிய நிறுவனங்களும் கைகட்டி நிற்கவில்லை. மக்கள் எந்தப் போனிலிருந்தும் தங்களிடம் வரட்டும் என்று 1-800 இலவச எண்களை விளம்பரம் செய்தன. எம்சிஐயின் கலெக்ட் எண் 1993-ல் வந்து பிரபலமானது. ஏடி அண்ட் டி, ‘ஆபரேட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லையே எண்ணாக எடுத்தது. அந்தச் சொல்லின் கடைசி உயிரெழுத்து ‘ஓ’. பலர் அதை ‘ஈ’ என்று தப்பாக எழுதுவார்கள். விசைப்பலகையில் ‘ஓ’ இருப்பது 6-ல், ‘ஈ’ இருப்பது 3-ல். அந்த 3-ல் முடியும் எண்ணை எம்சிஐ வாங்கிவைத்துக்கொண்டது. ஏடி அண்ட் டி கோடிக்கணக்கில் விளம்பரம் செய்ய, எழுத்துப் பிழை செய்தவர்களெல்லாம் எம்சிஐயிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஏடி அண்ட் டி கடைசியில் அந்த எண்ணை விட்டு, தன் பெயரையே சொல்லும் வேறு எண்ணுக்கு மாறியது. நாடறிந்த நிறுவனமே வாடிக்கையாளரின் பிழையை அறுவடை செய்யும்போது, டெக்சஸ் நிறுவனத்தை மட்டும் தனியாக நிறுத்தித் திட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

போன் போனது, உறை போகவில்லை

1990-களின் நடுவில் அமெரிக்காவில் சுமார் 26 லட்சம் பொதுத் தொலைபேசிகள் இருந்தன. செல்போன் வந்தது, அவை போயின. ஆபரேட்டர் வித்தைகளும் கூடவே தேய்ந்தன. ஆனால் உள்ளூர் பில்லுக்குள் மூன்றாம் ஆள் கட்டணம் நுழையும் பாதை அப்படியே திறந்திருந்தது. அதே உறையில் பிறகு வந்தவை கேட்காத சேவைகள்: குரல் அஞ்சல், ஏதோ ஓர் உறுப்பினர் சந்தா. 2011-ல் அமெரிக்க செனட்டின் வணிகக் குழு இதை விசாரித்து அறிக்கை கொடுத்தது. ஆண்டுக்குச் சுமார் 30 கோடி மூன்றாம் ஆள் கட்டணங்கள், 200 கோடி டாலருக்கு மேல் என்பது அதன் கணக்கு. அதில் பெரும் பங்கு வாடிக்கையாளர் கேட்காதவை. அதன் பிறகுதான் பெரிய தொலைபேசி நிறுவனங்கள், வீட்டு பில்லில் இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானதை நிறுத்த ஒப்புக்கொண்டன.

இன்னோர் இடத்தில் பழைய கணக்கு எதுவும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது: சிறைச்சாலை. அங்கே 10288 என்ற மாற்று வழிகூடக் கிடையாது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது சிறை நிர்வாகம்; பல இடங்களில் அதற்குக் கமிஷன் கிடைத்தது. பேசுபவர் கைதி. கட்டுபவர் வெளியில் இருக்கும் தாயோ மனைவியோ பாட்டியோ.

வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்ற ஓய்வுபெற்ற செவிலியர் அப்படி ஒரு பாட்டி. பார்வை இல்லாதவர், கடிதம் எழுதிப் படிக்கும் வழியில்லை, பேரனோடு பேசப் போன் ஒன்றுதான். கட்டணம் தாங்காமல் 2000-ல் வேறு சில குடும்பங்களோடு சேர்ந்து வழக்குப் போட்டார். நீதிமன்றம் எஃப்சிசியிடம் போகச் சொன்னது. 2003-ல் அங்கே மனு கொடுத்தார். பத்து ஆண்டு கழித்து, 2013-ல், மாநிலம் தாண்டும் சிறை அழைப்புகளுக்கு எஃப்சிசி உச்சவரம்பு வைத்தது: முன்பணம் கட்டியிருந்தால் நிமிடத்துக்கு 21 செண்ட், கலெக்ட் கால் என்றால் 25 செண்ட். மார்த்தா ரைட் 2015-ல் இறந்துபோனார். மாநிலத்துக்குள் போகும் சிறை அழைப்புகளுக்கும் வரம்பு வைக்கும் அதிகாரத்தை எஃப்சிசிக்குத் தந்த சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானது. அந்தச் சட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.